கழட்டி மாட்டற டியாரா: தரிபா கலான்ல செஞ்சு வாங்கி பதினோரு பொண்ணுங்களுக்கு வச்ச அனுபவம்

டெல்லி மயூர் விஹார்ல பதினாலு வருஷமா பிரைடல் மேக்கப் பண்றேன். வர்றது முக்காவாசி நம்ம தமிழ்ப் பொண்ணுங்கதான், அதுல பாதி நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்க, அவங்களுக்கு தலையில வெள்ளை நெட் முக்காடும் கிரீடமும் இல்லாம கல்யாணமே கிடையாது, இப்பல்லாம் மத்த பொண்ணுங்களும் ரிசப்ஷனுக்கு டியாரா, அதாவது முன்னந்தலையில வைக்கற அரைவட்டக் கிரீடம், வேணும்ங்கறாங்க. இவ்வளவு நாளும் கினாரி பஜார்ல வாங்கின கண்ணாடிக்கல் டியாராங்கள வச்சு ஓட்டினேன். ரெண்டு கல்யாணம் தாண்டறதுக்குள்ள கல்லு கொட்டிடும், பின்னாடி இருக்கற சீப்பு மண்டையில குத்தும், பொண்ணு போட்டோவுக்குச் சிரிக்கும்போதே கண்ணுல தண்ணி நிக்கும். அதனால போன ஆடி மாசம், கல்யாணமே இல்லாத நேரமாப் பாத்து, சாந்தினி சௌக் தரிபா கலான்ல ஒரு சின்ன வெள்ளிப் பட்டறையில கழட்டி மாட்டற மாதிரி ஒண்ணு ஆர்டர் கொடுத்தேன். கைக்கு வந்து எட்டு மாசமாச்சு, பதினோரு தலையில ஏறி இறங்கியாச்சு. வாங்கின மறுநாளே எழுதிருந்தா அஞ்சு ஸ்டார் கொடுத்திருப்பேன், ரெண்டாவது கல்யாணத்தன்னிக்கு எழுதிருந்தா ஒண்ணுகூட கொடுத்திருக்க மாட்டேன், அதான் இவ்வளவு நாள் பொறுத்து இப்ப எழுதறேன்.

ஐடியா எங்கருந்துன்னா, பிரிட்டிஷ் ராணி எலிசபெத் போட்ட விளாடிமிர் டியாரா. ஒண்ணோட ஒண்ணு பின்னின பதினஞ்சு வைர வளையம், ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சொட்டு மாதிரி ஒரு முத்து தொங்கும். 1874-ல ரஷ்ய அரச குடும்பத்துக்காக போலின்ங்கற நகைக்காரங்க செஞ்சது, 1917 புரட்சியப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனையிலிருந்து ரகசியமா வெளிய கடத்திட்டு வந்தாங்க, 1921-ல ராணி மேரி, அதாவது எலிசபெத்தோட பாட்டி, அத வாங்கினாங்க. வாங்கி அப்படியே போட்டுக்கல, முத்து தொங்கற எடத்துலயே மரகதமும் தொங்கற மாதிரி மாத்தி வச்சாங்க. அதனால பேத்தி அத முத்தோட ஒரு நாள், மரகதத்தோட ஒரு நாள், ரெண்டும் இல்லாம வெறும் வளையமா ஒரு நாள்னு போட்டாங்க. மூணு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, முகமே மாறித் தெரியும். முத்து வச்சா முகம் குளிர்ந்து இருக்கும், பச்சை வச்சா நிமிர்ந்து இருக்கும், வெறும் வளையம் வச்சா கண்ணு முகத்துலயே நிக்கும், நகை பின்னாடி போயிடும்.

அந்த மரகதங்க டெல்லிக்கு வந்துட்டுப் போனதுங்க, அது எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல. 1818-ல ஜெர்மனியில பிராங்க்பர்ட்ல ஒரு லாட்டரியில ராணி மேரியோட பாட்டிக்கு விழுந்த கல்லுங்க அது. 1911 டிசம்பர் 12 டெல்லி தர்பாருக்காக கேரார்டுங்கற நகைக்கடை மேரிக்கு ஒரு பெரிய டியாரா செஞ்சு கொடுத்துச்சு, அது உச்சியில அந்த மரகதம் பத்து நின்னுச்சு. தலைநகரத்த கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாத்தறோம்னு மேரியோட புருஷன் ஜார்ஜ் ராஜா சொன்ன அதே நாள், அதே பந்தல். அடுத்த வருஷமே அந்த டியாராவ மறுபடி பிரிச்சு கல்லினன் வைரம் ரெண்டு, 94.4 கேரட் ஒண்ணு 63.6 கேரட் ஒண்ணு, மாட்டற மாதிரி மாத்தினாங்க, அப்புறம் 1922-க்குள்ள மரகதங்க அதுலருந்து இறங்கிடுச்சு, பின்னாடி விளாடிமிர் வளையத்துக்குள்ள போய்த் தொங்குச்சு. அந்த ரெண்டு வைரமும் கடைசியா புரோச்சா மாறி எலிசபெத்தோட தோள்ல உக்காந்துச்சு. ஒரு கல்லு ஒரே நகையில காலம் பூரா கெடக்கணும்னு மேரி நெனைக்கவே இல்ல. ஜிடிபி நகர் தாண்டி காரனேஷன் பார்க்ல தர்பார் நடந்த எடத்துல ஒரு கல்தூண் நிக்குது, ஆர்டர் கொடுக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம என் பொண்ணக் கூட்டிட்டுப் போய் அங்க ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தேன். என்னமோ அங்க போய்ட்டு வந்து ஆரம்பிக்கணும்னு இருந்துச்சு.

நம்ம வீடுங்கள்லயும் இது இருந்ததுதான். எங்க பாட்டியோட கெம்பு அட்டிகையில நடுப் பதக்கம் திருகாணி போட்டது, விசேஷத்துக்கு அட்டிகையில இருக்கும், வெள்ளிக்கெழம தல பின்னும்போது கழட்டி ராக்கொடியா வச்சுப்பாங்க. சின்ன வயசுல அந்தத் திருகாணியத் திருகற வேல என்னோடது. பட்டறைல நான் போட்டோவ நீட்டினதும் இதத்தான் மொதல்ல சொன்னேன், எனக்கு வேண்டியது பிரிக்கவும் சேக்கவும் முடியற ஒண்ணு, பாக்க ராணி மாதிரி இருந்தா போதாது.

கடை பெருசில்ல. வயலட் லைன்ல லால் கிலா ஸ்டேஷன்ல எறங்கி நடந்தா தெருவுக்குள்ள ஒரு படிக்கட்டு, மாடியில ரெண்டு ரூம். கீழ பில் போடறவர் சின்ன வயசு, வேகமா பேசுவார், எதுக்கும் "ஹோ ஜாயேகா தீதி", ஆயிடும் அக்காம்பார். மேல உக்காந்து வேல பாக்கறவர் அறுபது தாண்டினவர், நான் சாச்சான்னுதான், அதாவது சித்தப்பான்னு, கூப்பிடுவேன். எனக்கு எல்லாமே வேணும்னு நான் கேட்டேன், தொங்கற கல்லு மாத்தணும், மொத்தமா நெக்லஸாவும் ஆகணும். சாச்சா தலைய ஆட்டிட்டாரு. தலையில நிக்கணும்னா வெறப்பா இருக்கணும், கழுத்துல படியணும்னா வளையணும், ஒரே உடம்புல ரெண்டும் வராது, வரும்னு சொல்றவன் ரெண்டையும் கெடுப்பான்னாரு. அப்படிப் பேசற ஆளுகிட்ட வேல கொடுக்கலாம்னு அப்பவே தோணுச்சு.

கடைசியில ரெண்டு பாகமா முடிவாச்சு. மேல பதினோரு வளையம், வெறப்பான சட்டத்துல. கீழ ஒரு பட்டை, சின்னச் சின்ன கீல் வச்சு வளையறது, அது தனியா கழண்டு வரும். இதுக்கும் ராணி வீட்டுலயே முன்மாதிரி இருக்கு, 1893-ல மேரியோட கல்யாணத்துக்கு பிரிட்டன், அயர்லாந்து பொண்ணுங்க பணம் சேத்துக் கொடுத்த டியாரா, அதோட அடிப்பட்டைய தனியா எடுத்துப் போடலாம், எலிசபெத்துக்கு 1947-ல கல்யாணப் பரிசா வந்தப்புறம் ரொம்ப வருஷம் பட்டை வேற, மேல்பாகம் வேறன்னுதான் இருந்துச்சு, 1969-லதான் திரும்ப சேத்தாங்க. என்னோடதுல இன்னொண்ணு கூடுதல், நடு வளையம் மட்டும் திருகு கழட்டினா தனியா வந்து பின்னால ஊக்கு மாட்டிக்கலாம். வெள்ளி 92.5, மேல ரோடியம் பாலிஷ், கல்லு எல்லாம் ஏடி, அதாவது அமெரிக்கன் டைமண்ட்ங்கற செயற்கைக்கல், தொங்கறதுக்கு ஒரு செட் முத்து, ஒரு செட் பச்சைக்கல். முழுசா 210 கிராம். செய்கூலி, கல்லு எல்லாம் சேத்து 43,500 ரூபா. சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் லேட், அது பரவால்ல.

கைல வாங்கினப்போ அழகா இருந்துச்சு, சந்தேகமே இல்ல. மொதக் கல்யாணம் நல்லா போச்சு. ரெண்டாவது கல்யாணம், சர்ச்சுக்குக் கெளம்ப நாப்பது நிமிஷம், பொண்ணுக்கு நெட்ட பின் பண்ண லேசா எடது பக்கம் அழுத்தறேன், டக்குனு ஒரு சத்தம். சட்டத்துல பத்த வச்ச எடம் விட்டுப்போச்சு, மூணு வளையம் தொங்குது. பொண்ணோட அம்மா வாய்ல கைய வச்சுட்டாங்க, பொண்ணு என் கையப் பிடிச்சுக்கிட்டு "அக்கா, சரியாயிருமா"ன்னு கேக்குது. பைல இருந்த மெல்லிசு கம்பி வச்சு சுத்தி, மேல கறுப்பு நூல் சுத்தி, வளைவுல முடிய எடுத்து மறைச்சு அனுப்பினேன். போட்டோல தெரியல, ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

1947 நவம்பர் 20, எலிசபெத் கல்யாணத்தன்னிக்கு இதேதான் நடந்துச்சு. அம்மா கடன் கொடுத்த, பாட்டி மேரியோட டியாரா, கதிர் கதிரா நிக்கற வைரக் கம்பிங்க, மேரிக்கு 1893-ல விக்டோரியா ராணி கல்யாணப் பரிசா கொடுத்த வைரங்கள வச்சு 1919-ல கேரார்டு கட்டினது, சட்டத்திலிருந்து எடுத்தா நெக்லஸாவும் போடலாம். தலையில வைக்கும்போது சட்டம் ஒடஞ்சுபோச்சு. அரண்மனை நகைக்காரர் அங்கயே இருந்ததால போலீஸ் துணையோட பட்டறைக்கு எடுத்துட்டு ஓடி பத்த வச்சு கொண்டாந்தாங்க. கல்யாணப் போட்டோவ உத்துப் பாத்தா நடுவுல ரெண்டு கதிருக்கு நடுவுல ஒரு சின்ன இடைவெளி தெரியும். அவ்வளவு பெரிய கடை செஞ்சதே ஒடஞ்சிருக்குன்னு ஒரு ஆறுதல் வந்தது நிஜம், ஆனா பிரிச்சு சேக்கற நகைன்னா அதோட உயிர் கல்லுல இல்ல, மூட்டுலதான் இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு. நான் ஆர்டர் கொடுக்கும்போது கல்லு வெளிச்சத்துல எப்படி மின்னுதுன்னு அரை மணி நேரம் பாத்தேன், சட்டத்தத் திருப்பிப் போட்டு ரெண்டு நிமிஷம்கூட பாக்கல.

கடைக்கு எடுத்துட்டுப் போனா கீழ இருக்கறவர் நீங்க அழுத்திருப்பீங்கன்னாரு. அது எனக்கு ரொம்ப வருத்தம், இன்னிக்கும் அந்த வார்த்தைக்காக ஒரு ஸ்டார் கொறைக்கறேன். நெட் பின் பண்றதுக்கு அழுத்தாம எப்படி வைக்கறது, அதுக்காகத்தானே வாங்கறது. மேல ஏறி சாச்சாகிட்ட கொடுத்தேன், லென்ஸ் வச்சுப் பாத்துட்டு ஒரே வார்த்த, டாங்கா உள்ள போகலன்னாரு, அதாவது பத்த வச்சது மேலோட்டமா ஒட்டிருக்கு, உள்ள ஓடல. யார் தப்புன்னு அவரு பேசவே இல்ல. சட்டத்துக்குக் கம்பிய தடிமனா மாத்தி, அழுத்தம் விழற ரெண்டு எடத்துலயும் பத்த வைக்கறதோட ஒரு ஆணியும் அடிச்சு இறுக்கிக் கொடுத்தாரு, காசு வாங்கல. 19 நாள் ஆச்சு, நடுவுல ஒரு பொண்ணுக்கு பழைய கண்ணாடிக்கல் டியாரா வைக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் ஒம்பது கல்யாணம், ஒரு அசைவு இல்ல.

இப்ப போடற விதங்களுக்கு வரேன், எனக்கு அதிகமா சொல்ல இருக்கறது இதுலதான். ராணிங்க டியாரா வச்சா குனிய மாட்டாங்க, எல்லாரும் அவங்க முன்னாடி குனிவாங்க. நம்ம பொண்ணுங்க ரிசப்ஷன் மேடையில முப்பது பேர் கால்லயாவது விழுவாங்க, தாத்தா பாட்டி, பெரியப்பா பெரியம்மா, மாமனார் வீட்டுப் பெரியவங்க, ஒவ்வொரு தடவையும் 210 கிராம் நெத்திய நோக்கி சரியப் பாக்கும். சர்ச்ல முழங்கால் போடணும், தல குனியணும். வெளிநாட்டு வீடியோ எதுலயும் இதுக்கு வழி சொல்லித் தரமாட்டாங்க. நான் பண்றது, காதுலருந்து காதுக்கு உச்சிக்கு சித்த முன்னால ஒரு ஒல்லிப் பின்னல் இறுக்கமா போட்டுடுவேன், அடிப்பின்னல், அதுமேல சட்டத்த உக்கார வச்சு, சட்டத்துல சாச்சா வச்ச சின்ன வளையங்கள் வழியா கறுப்பு நூல் விட்டு பின்னலோட சேத்துத் தைச்சுடுவேன், அப்புறம் ரெண்டு நுனியிலயும் எலாஸ்டிக் கட்டி கொண்டைக்கு அடியில கொண்டு போயிடுவேன். நுனி காதுக்குப் பின்னால எலும்புமேல அழுத்தக்கூடாது, அழுத்தினா ஒரு மணி நேரத்துல தலவலி. ஜார்ஜ் ராஜாவே டெல்லி தர்பார்ல மூணரை மணி நேரம் கிரீடம் வச்சுட்டு தல வலிச்சதுன்னு டைரில எழுதிருக்காரு, அது கிட்டத்தட்ட ஒரு கிலோ, நம்ம பொண்ணுங்க நிக்கறது அஞ்சு மணி நேரம். எல்லாம் கட்டி முடிச்சதும் மூணு தடவ என் கால்லயே விழச் சொல்லிப் பாப்பேன், அசையலன்னாதான் நெட்டையே எடுப்பேன்.

முத்து தொங்கவிட்டு வைக்கறது சர்ச் கல்யாணத்துக்கு. கிரீம் கலர் புடவை, வெள்ளை நெட், அதுக்கு முத்த அடிச்சுக்க எதுவும் இல்ல, பொண்ணு நடக்கும்போது பதினோரு முத்தும் லேசா ஆடும், கடைசி பெஞ்சுலருந்தே தெரியும். ஆனா மாலை மாத்தறதுக்கு முன்னாடி கழட்டிடணும். இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, மாலை தலைக்கு மேல போகும்போது நார் போய் கொக்கியில மாட்டுச்சு, மாப்ள இழுக்கறாரு, பொண்ணு கத்துது. இப்ப மாலைக்கு வெறும் வளையம்தான். கொக்கி உள்பக்கம் இருக்கறதால பதினொண்ணையும் எடுக்க எனக்கு நாலு நிமிஷம் போதும், தலையிலருந்து எறக்க வேண்டியதில்ல. விளாடிமிர் போட்டோவுல வெறும் வளையத்தப் பாத்தப்போ அது ஏதோ ரசனைக்காகன்னு நெனச்சேன், இப்ப எனக்கு அது மாலைக்கான வேஷம்.

பச்சைக்கல் ரிசப்ஷனுக்கு. அரக்கு, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, எந்தப் பட்டுக்கும் நிக்கும், ஆனா காதுலயும் பச்சை போட்டா கொஞ்சம் கூடிப் போகுது, காதுக்கு வெள்ளைக்கல் தோடு போதும். நெத்திச்சுட்டியும் டியாராவும் சேத்து வைக்கச் சொல்லி நெறைய அம்மாங்க கேக்கறாங்க, நான் ஒத்துக்கறதில்ல, வகிடுல சுட்டி நிக்கணும்னா டியாரா பின்ன போகணும், பின்ன போனா ஹேர்பேண்ட் மாதிரி ஆயிடும், முன்னாலருந்து எடுக்கற போட்டோல ரெண்டுக்கும் மரியாதை இருக்காது.

அடிப்பட்டைய மட்டும் வெல்வெட் ரிப்பன்ல கட்டி நெத்திக்கு மேல தாழ வைக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1920-கள்ல இங்கிலாந்துல பொண்ணுங்க முடிய குட்டையா வெட்டிக்கிட்டப்போ டியாராவ இப்படித்தான் புருவத்துக்கிட்ட இறக்கிப் போட்டாங்க. எங்கிட்ட வந்த ஒரு பொண்ணு, குர்கான்ல வேல, பாப் கட், சவுரி வைக்கவே மாட்டேன்னு உறுதியா சொல்லிடுச்சு, வீட்ல எல்லாருக்கும் கவலை. பட்டைய மட்டும் வச்சேன். அவங்க ஆச்சி வந்து கன்னத்த வழிச்சு நெட்டி முறிச்சாங்க. முழு டியாராவ வச்சிருந்தா அந்த முகத்துல அது ஏறி உக்காந்த மாதிரி இருந்திருக்கும்.

அதே பட்டைய கழுத்துல அட்டிகையா போடறது முக்கால்வாசி வெற்றிதான். கீல் நல்லா வளையுது, கழுத்தோட படியுது, ஆனா பின்பக்க ஓரத்த சரியா தேய்க்கல, ரெண்டு பேருக்குக் கழுத்துல சிவந்துபோச்சு. சொன்னதும் தேய்ச்சுக் கொடுத்தாங்க, செயினும் ரெண்டு இஞ்ச் சேத்துக் கொடுத்தாங்க. வேர்வை படற எடத்துல ரோடியம் இப்பவே மங்க ஆரம்பிச்சிருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ மறுபடி பாலிஷ் போடணும்.

நடு வளையம் புரோச்சா போடறது எனக்குத் திருப்தி இல்ல. ஊக்கு ரொம்ப தடி, ஒரு காஞ்சிப் பட்டு முந்தானையில ஓட்டை விழுந்துச்சு, புடவைக்காரங்க நல்லவங்க, ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்குத்தான் மனசு கேக்கல. பிளவுஸ் துணி ஒரு துண்டு உள்ள கொடுத்துக் குத்தலாம், நான் இப்ப அந்த வழிக்கே போறதில்ல. அதுக்குப் பதிலா ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு டியாராவ எடுத்துட்டு, கொண்டைக்கு நடுவுல அத ராக்கொடியா வச்சு சுத்தி மல்லிப்பூ வச்சுடறேன். பொண்ணுக்குத் தல கனம் எறங்கினதும் மொகமே தெளிஞ்சுடும், அதுக்கப்புறம்தான் நல்லா சாப்பிடுவாங்க.

வாங்கணும்னு நெனைக்கறவங்களுக்கு. சட்டத்தத் திருப்பிப் பாருங்க, ரெண்டு கையாலயும் பிடிச்சு நெட் பின் பண்ற அளவுக்கு அழுத்திப் பாருங்க, கடைக்காரர் முன்னாடியே பண்ணுங்க. திருகு எல்லாம் ஒரே சைஸ்ல கேளுங்க, எனக்கு மொதல்ல ரெண்டு சைஸ் கொடுத்து அவசரத்துல மாறிப்போச்சு. உபரியா ஆறு திருகு, நாலு கொக்கி, ரெண்டு குட்டி திருப்புளி வாங்கி வச்சுக்குங்க. கடையில சுத்திக் கொடுத்த வெள்ளை சாட்டின் ரிப்பன் நம்ம கறுப்பு முடியில பளிச்சுனு தெரியும், கறுப்பு வெல்வெட் மாத்திடுங்க, எண்ணெயும் வேர்வையும் ஊறும்ங்கறதால ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுசு சுத்தணும். அவங்க கொடுக்கற பெட்டியில பிரிச்சு வைக்க எடமே இல்ல, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசும், நான் சதர் பஜார்ல ஸ்பாஞ்ச் வாங்கி வெட்டி குழி எடுத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம போகாதீங்க, பட்டறை மூடிருக்கும்.

நாலு ஸ்டார். நாலும் மாடியில இருக்கறவருக்கு.

அடுத்து வைகாசியில ஒரு கல்யாணம் இருக்கு. பொண்ணோட பாட்டியம்மாவோட கெம்புப் பதக்கம் ஒண்ணு வீட்ல இருக்காம், அத டியாராவுக்கு நடுவுல வச்சுக்க முடியுமான்னு கேட்டாங்க. போன வாரம் பதக்கத்த எடுத்துட்டு தரிபா போனேன், சாச்சா பதக்கத்தத் தொடவே ரொம்ப நேரம் யோசிச்சாரு, பழைய வேலைப்பாட்டுல ஓட்டை போடக் கூடாதுன்னுட்டாரு. பதக்கத்துல கை வைக்காம, நடு வளையத்துக்குப் பதிலா அத அப்படியே ஏந்திக்கற மாதிரி ஒரு வெள்ளிக் கூடு செஞ்சு தரேன், கல்யாணம் முடிஞ்சா பதக்கம் பழையபடி வீட்டுக்குப் போயிடும்னாரு. மெழுகுல அளவு எடுத்துக்கிட்டாரு, இருபது நாள் கேட்டிருக்காரு. வந்ததும் போட்டோ போடறேன்.